ஒரே அறையில் ஒண்ணாவது முதல் ஏழாவது வரை: ஆங்கிலத்தை எங்கிருந்து ஆரம்பிக்கிறதுங்க?

தறிச்சத்தம் (பல்லடம் பக்கம்)

எல்லாருக்கும் வணக்கமுங்க. எங்க ஊர்ல பொழுதோட அஞ்சரையில இருந்து ஏழு மணி வரைக்கும், வாரத்துக்கு நாலு நாள், பிள்ளைகளுக்கு ஆங்கிலம் மட்டும் சொல்லித்தரக் கேட்டிருக்காங்க. மொத்தம் 14 பேர். ஒண்ணு, ரெண்டாவது படிக்கிறவங்க 5 பேர், மூணு, நாலாவது 4 பேர், அஞ்சுல இருந்து ஏழு வரைக்கும் 5 பேர். பாதிப் பேர் அரசுப் பள்ளியில தமிழ்வழி, மீதிப் பேர் மெட்ரிக்.

கோயிலை ஒட்டின மண்டபம்தான் இடம். ஒரே ஹால், ஒரு போர்டு. பக்கத்துலயே தறிக்குடோன் ஓடிட்டு இருக்கும்.

ஏ பி சி டியில ஆரம்பிச்சா பெரியவங்க சலிச்சுப் போயிருவாங்க. பாடப்புத்தகத்துல ஆரம்பிச்சா பொடிசுக வெறிச்சுப் பாத்துட்டு உக்காந்திருக்கும். மெட்ரிக் பிள்ளைக நோட்டுல பத்தி பத்தியா எழுதி வெச்சிருக்காங்க, ஆனா அதே பத்தியில ஒரு வார்த்தையை மட்டும் விரல் வெச்சுக் காட்டினா படிக்கத் தெரியலைங்க. ஏழாவது படிக்கிற ரெண்டு பசங்களுக்குச் சின்ன எழுத்தே முழுசாத் தெரியாது. இன்னும் ரெண்டு பிள்ளைக வீட்டுல ஹிந்தி பேசுறவங்க, அப்பா அம்மா மில்லு வேலைக்கு வந்தவங்க.

எப்படிப் பிரிக்கிறது, எதை முதல்ல எடுக்கிறது, ஒண்ணரை மணி நேரத்தை எப்படிப் பங்கு போடுறது? செஞ்சு பாக்குற மாதிரி சொன்னா உதவியா இருக்குமுங்க.

---

நொய்யல்கரை

அம்மிணி, முதல்ல வகுப்பு எண்ணை மறந்துருங்க. வயசை வெச்சும் பிரிக்க வேண்டாம். எந்தப் பிள்ளைக்கு எது படிக்க வருதுங்கிறதை வெச்சு மட்டும் பிரிக்கணும். அரசுப் பள்ளியில 2022ல இருந்து நடக்கிற எண்ணும் எழுத்தும் திட்டத்துலயும் அரும்பு, மொட்டு, மலர்னு நிலை வாரியாத்தான் பயிற்சிப் புத்தகம். ஆனா அந்தப் பேர்களை நீங்க வெக்காதீங்க. எது கீழ், எது மேல்னு பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தெரியும். நொய்யல், பவானி, அமராவதின்னு ஆத்துப் பேரை வெச்சா உசத்தி, தாழ்வு வராது.

முதல் ரெண்டு நாளும் பரிசோதனைக்குத்தான். ஒரு பிள்ளைக்கு அஞ்சு நிமிஷம், தனியா, மத்தவங்க காதுல விழாத தூரத்துல. அட்டையில சின்ன எழுத்து 26ஐயும் கலைச்சு எழுதி வெச்சுக்கங்க. வரிசையாக் கேட்டா பாட்டா ஒப்பிச்சுருவாங்க, அது தெரிஞ்சதா ஆகாது. ஒவ்வொரு எழுத்துக்கும் பேரையும் கேளுங்க, அது போடுற சத்தத்தையும் கேளுங்க. அடுத்தது ஆறு மூணெழுத்து வார்த்தை: ஸிட், பென், டாக், கப், மேப், அதோட கடைசியா அர்த்தமே இல்லாத ஒண்ணு, மிப். இந்த மிப்தான் ரொம்ப முக்கியம். பாத்த வார்த்தையை மனப்பாடத்துல இருந்து சொல்ற பிள்ளை இதுல நின்னுரும். எழுத்தைக் கூட்டிப் படிக்கிற பிள்ளை சொல்லிரும். உங்க மெட்ரிக் பிள்ளைக பல பேர் இங்கதான் நிப்பாங்க. மூணாவதா 'தி டாக் இஸ் ஆன் தி மேட்' மாதிரி ஒரே ஒரு வாக்கியம்.

பாதி எழுத்துக்குக் கூட சத்தம் தெரியாதவங்க ஒரு குழு. சத்தம் தெரியும், சேத்துப் படிக்க வராதுன்னா ரெண்டாவது. மிப்பையும் படிச்சுட்டா மூணாவது. ஏழாவது பையனும் ஒண்ணாவது பாப்பாவும் ஒரே குழுவுல வரலாம். அதை எப்படிச் சமாளிக்கிறதுன்னு வேற யாராவது சொல்லுவாங்க, அது தனிக்கதை.

நேரத்துக்கு வருவோம். 5.30ல இருந்து 5.50 வரைக்கும் எல்லாரும் ஒண்ணா. 5.50ல இருந்து 6.30 வரைக்கும் மூணு குழு, ஒவ்வொண்ணுக்கும் 13 நிமிஷம் உங்க பக்கத்துல. அஞ்சு நிமிஷம் தண்ணி குடிக்க. 6.35ல இருந்து 7 மணி வரைக்கும் மறுபடி எல்லாரும் ஒண்ணா. நடுவுல பிரிச்சது முன்னாடியும் பின்னாடியும் சேரணும், இல்லைன்னா மூணு வகுப்பை ஒரே அறையில நடத்துறதா ஆயிரும், தொண்டைதான் போகும்.

முதல் 20 நிமிஷத்துக்கு உடம்பை அசைக்கிற கட்டளை விளையாட்டு போதும். அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் ஆஷர் உருவாக்குன முறை இது. கேட்டுப் புரிஞ்சு உடம்பால செய்யட்டும், பேச்சு அப்புறம் தானா வரும்னு அவர் கணக்கு. முதல் நாள் அஞ்சு கட்டளை: ஸ்டேண்ட் அப், சிட் டவுன், ஜம்ப், டர்ன் ரவுண்ட், டச் யுவர் நோஸ். மறுநாளுக்கு மூணு சேத்துக்கங்க. முதல்ல நீங்களும் கூடச் செய்யுங்க. ரெண்டு ரவுண்டு முடிஞ்சதும் கையைப் பின்னாடி கட்டிக்கிட்டு வாயால மட்டும் சொல்லுங்க. நீங்க செஞ்சுக்கிட்டே இருந்தா பிள்ளைக கண்ணால பாத்துத்தான் செய்யும், காதுல வார்த்தை ஏறாது. இது ரொம்பப் பேர் விடுற இடம். பொடிசுகளுக்கு ஒத்தைக் கட்டளை, நடுவுல இருக்கிறவங்களுக்கு 'பிக் அப் தி ரெட் சாக்பீஸ் அண்ட் கிவ் இட் டு' இன்னாருன்னு நீளமானது, நல்லா வர்றவங்க கட்டளை போடுறவங்க. மூணு நிலையும் ஒரே ஆட்டத்துக்குள்ள அடங்கிரும்.

நடு 40 நிமிஷத்துல பெரிய தொந்தரவு 'அக்கா முடிச்சுட்டேன்'தான். உங்ககிட்ட இல்லாத ரெண்டு குழுவுக்கும் கொடுக்கிற வேலை, யாரையும் கேக்காம செய்யக்கூடியதா இருக்கணும்: படத்தையும் வார்த்தையையும் ஜோடி சேக்குறது, ஒருத்தர் சொல்ல ஒருத்தர் சிலேட்டுல எழுதுறது, ஒரே சத்தத்துல ஆரம்பிக்கிற அட்டைகளை ஒரு பக்கம் ஒதுக்குறது. புது வேலையை அங்க கொடுக்காதீங்க. முந்தின நாள் உங்க கூட உக்காந்து செஞ்சதையே மறுநாள் தனியா செய்யணும். சந்தேகம்னா முதல்ல ரெண்டு கூட்டாளிககிட்டக் கேக்கணும், அப்புறம்தான் உங்ககிட்ட. முடிச்சவங்களுக்குன்னு ஒரு பெட்டி தனியா இருக்கட்டும்.

வெளிய போறப்ப வாசப்படியில ஒவ்வொருத்தரும் ஒரு வாக்கியம் சொல்லிட்டுப் போகணும். பொடிசு 'குட் நைட், அக்கா'ன்னா போதும். பெரியவங்க அன்னைக்குப் படிச்சதுல இருந்து ஒண்ணு. யாருக்கு என்ன ஏறுச்சுங்கிறது அந்த ரெண்டு நிமிஷத்துல உங்களுக்கே தெரிஞ்சுரும்.

---

கோபி வாய்க்கால்

டீச்சருங்க, எழுத்தின் பேரை விட்டுட்டு சத்தத்தில் தொடங்குங்கள். 'சி ஏ டி கேட்' என்று கோரஸாகப் பாடுவதில் படிப்பே நடப்பதில்லை. சி, ஏ, டி என்ற மூன்று பேரையும் எவ்வளவு வேகமாகச் சேர்த்துச் சொன்னாலும் 'கேட்' வராது. பிள்ளை முழு வார்த்தையையும் மனப்பாடம்தான் செய்கிறது.

தமிழ் படித்த பிள்ளைக்கு இதில் பெரிய வசதி ஒன்று உண்டு. ப் + இ = பி என்பது அதற்கு ஏற்கெனவே தெரியும். ஆங்கில மெய்யெழுத்தைப் புள்ளி வைத்த எழுத்தாக அறிமுகப்படுத்துங்கள். பென்னுக்கு வருகிற எழுத்து 'ப' அல்ல, 'ப்'. எஸ் என்பது 'ஸ்'. என் என்பது 'ன்'. ப், இ, ன், பின். இதைப் 'ப, இ, ன' என்று புள்ளி இல்லாமல் சொல்லிக் கொடுத்தால் பிள்ளை 'பஇன' என்று சொல்லிவிட்டு உங்கள் முகத்தைப் பார்க்கும். சேர்த்துப் படிக்க வராத பிள்ளைகளில் பெரும்பாலோரிடம் கோளாறு இந்தப் புள்ளியில்தான் இருக்கிறது.

ஏ-யில் இருந்து இஸட் வரை வரிசையாகப் போக வேண்டாம். எஸ், ஏ, டேபிளுக்கு வரும் டி, பென்னுக்கு வரும் பி, ஐ, என் ஆகிய ஆறும் முதலில். இந்த ஆறிலேயே நிறைய வார்த்தை பிறக்கும். அடுத்தது சி, கே, ஈ, ஹெச், ஆர், எம், டாக்குக்கு வரும் டி. அதன் பிறகு ஜி, ஓ, யூ, எல், எஃப், பஸ்ஸுக்கு வரும் பி. இந்த வரிசையில் ஒரு நன்மை: தமிழ் எழுத்தில் ஒன்றாகத் தெரியும் இரண்டு 'பி'யும் இரண்டு 'டி'யும் வெவ்வேறு வாரத்தில் வருகின்றன. முதல் குழுவுக்கு வாரம் மூன்று எழுத்து போதும். பெரிய பிள்ளைகள் ஆறையும் ஒரே வாரத்தில் முடிப்பார்கள்.

சேர்த்துப் படிக்கப் பழக்கும்போது முதல் எழுத்து இழுக்கக் கூடியதாக இருக்கட்டும். ஸ்ஸ்ஸ், ன்ன்ன், ம்ம்ம் என்று மூச்சு விடாமல் இழுத்து அடுத்த எழுத்தில் போய் விழலாம்: ஸ்ஸ்ஸ்இட், ஸிட். ப், ட், க் ஆகியவற்றை இழுக்க முடியாது, இழுத்தால் 'ப்அ' ஆகிவிடும். அதனால் 'ஸிட்', 'ஸிப்', 'நிப்' முதலில், 'பின்', 'டின்' பிறகு.

அடுத்த படி, ஒரு எழுத்தை மட்டும் மாற்றுவது. போர்டில் ஸிட் எழுதுங்கள். கடைசி எழுத்தை அழித்து ஸிப். முதல் எழுத்தை மாற்றி டிப். பிறகு டின், பின், பேன், டேன், டேப், நேப். ஆறே எழுத்தில் ஒன்பது வார்த்தை. ஒவ்வொரு முறையும் எது மாறியது என்று பிள்ளை கண் அந்த இடத்துக்குப் போக வேண்டும். தினம் ஐந்து நிமிடம், மூன்று குழுவுக்கும் இதைச் செய்யலாம்.

நம் பிள்ளைகளின் வாயில் எங்கே சிக்கும் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது. கடைசியில் உகரம் ஒட்டும்: புக்கு, கேட்டு, பஸ்ஸு. வார்த்தை முடிந்ததும் வாயை அப்படியே நிறுத்தச் சொல்லுங்கள். 'கப்' என்றால் உதடு மூடியே இருக்க வேண்டும், திறந்தால் உகரம் வந்துவிடும். எ-யில் தொடங்குவதில் யகரம் ஒட்டி 'யெக்' ஆகும், ஒ-வில் தொடங்குவதில் வகரம் ஒட்டும். ஸ்கூல் 'இஸ்கூல்' ஆகும். அதற்கு ஸ்ஸ்ஸ் என்று நன்றாக இழுத்துவிட்டு அப்புறம் கூல். எஃப்புக்கு மேல்பல் கீழுதட்டைத் தொட வேண்டும், இரண்டு உதடும் சேர்ந்தால் அது பென்னின் பி.

எல்லாவற்றையும் விட நேரம் பிடிப்பது மேன், மென் இரண்டுக்கும் இடையே உள்ள உயிர்தான். தமிழில் அந்த முதல் ஓசை கிடையாது. நாம் எழுதும் ஏகாரமும் அதற்குச் சரியான ஒலி அல்ல. நாக்கு 'எ'வில் நிற்க, தாடை 'ஆ' அளவுக்கு இறங்க வேண்டும். தாடைக்கு அடியில் உள்ளங்கையை வைத்துச் சொல்லச் சொல்லுங்கள். மென்னுக்குக் கை கொஞ்சம்தான் இறங்கும், மேனுக்கு நன்றாக இறங்கும். காதுக்குத் தெரியாதது கைக்குத் தெரியும்.

தறிச்சத்தம் என்று எழுதியிருந்தீர்கள், அது சின்ன விஷயம் இல்லை. ப், ட், க் போன்ற ஒலிகள் மிகக் குறுகியவை, அந்தச் சத்தத்தில் முதலில் மறைந்து போவது அவைதான். ஒலிப் பயிற்சிக்கு மட்டும் பிள்ளைகளை உங்களுக்கு நாலைந்து அடிக்குள் அரைவட்டமாக உட்கார வையுங்கள், முகத்தில் வெளிச்சம் படட்டும், வாய் தெரியட்டும். தறிப்பக்கம் பிள்ளைகளின் முதுகு இருக்கட்டும், அவர்கள் காது உங்கள் பக்கம் இருக்கும்.

எழுதுவதற்கு முதலில் சின்ன எழுத்து. பெரிய எழுத்து அவரவர் பேருக்கும் வாக்கியத் தொடக்கத்துக்கும் மட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம். கை ஓட்டத்தை வைத்துச் சேர்த்துக் கொடுங்கள். சி, ஏ, டாக்கின் டி, ஜி, ஓ ஐந்தும் ஒரே வளைவில் தொடங்குபவை. ஆர், என், எம், ஹெச் நான்கும் மேலிருந்து கீழே வந்து, திரும்ப ஏறி வளைபவை.

'தி', 'வாஸ்', 'செட்', 'யூ', 'ஆர்', 'டு' மாதிரி கூட்டிப் படிக்க முடியாத வார்த்தைகள் இல்லாமல் ஒரு வாக்கியம் கூட நகராது. அவற்றை வாரத்துக்கு இரண்டு வீதம் சுவரில் ஒட்டி, பார்த்தவுடன் சொல்லப் பழக்குங்கள். அவற்றுக்கு விதி தேடி நேரத்தைச் செலவிட வேண்டாம்.

---

அமராவதி

நொய்யல்கரை அக்கா 'தனிக்கதை'ன்னு விட்டதை நான் எடுத்துக்கறேன். உங்க 14 பேர்ல ரொம்பக் கவனமாப் பாத்துக்க வேண்டியது அந்த ஏழாவது படிக்கிற ரெண்டு பேரைத்தான். பொடிசுக எப்படியும் கத்துக்கும். இந்தப் பசங்க ஒரு தடவை கூச்சப்பட்டுட்டா மறுநாள் வர மாட்டாங்க, ஏதாச்சும் சாக்குச் சொல்லி நின்னுருவாங்க. அதுக்கப்புறம் பத்தாவது வரைக்கும் அந்தப் பாடம் அப்படியே கெடக்கும்.

அவங்க கையில ஆப்பிள் படம் போட்ட அட்டையைக் கொடுக்காதீங்க. நாலு கோடு நோட்டும் வேண்டாம், சாதா கோடு நோட்டு போதும். பாட்டுப் பாடி ஆடச் சொல்லாதீங்க, ஸ்கோர் எழுதுறது, பொருள் எடுத்துக் கொடுக்கிறதுன்னு ஒரு வேலை கொடுங்க. சொல்லித்தர்ற சத்தம் ஒண்ணாவதுக்கு உள்ளதேதான், ஆனா எடுத்துக்கிற பொருள் அவங்க வயசுக்கு இருக்கணும். பிஸ்கட் கவர், சோப்பு டப்பா, பால் பாக்கெட், மசாலா பாக்கெட் எல்லாம் வீட்டுல இருந்து கொண்டுவரச் சொல்லுங்க. நம்ம பக்கம் பனியன் லேபிளுக்குப் பஞ்சமே இல்லை. காட்டன்ங்கிற வார்த்தை, எஸ், எம், எல், எக்ஸ்எல்லுங்கிற அளவு, துவைக்கிற குறிப்பு எல்லாமே படிப்புதான். டீஷர்ட்டுல இருக்கிறதைப் படிச்சுக் காட்டச் சொன்னா ஆசையாப் படிப்பாங்க.

பெரிய பிள்ளைகளுக்கு ஒரு பலம் இருக்குங்க. தமிழ்ல ஒரு விதியைச் சொன்னா ஒரே உக்காருல புரிஞ்சுக்குவாங்க. ப் + இ + ன் கணக்கை ஒண்ணாவது பாப்பாவுக்கு வாரக்கணக்குல விளையாட்டாக் காட்டணும், இவங்களுக்குப் பத்து நிமிஷம் போதும். மூணெழுத்து வந்ததும் நீள வார்த்தையை வெட்டிப் படிக்க வெச்சுருங்க: பிக்-னிக், நேப்-கின், காட்-டன், ஃபேன்-டாஸ்-டிக். கடைசியா சொன்னதுல ஒம்பது எழுத்து இருக்கு, ஆனா உள்ள இருக்கிறது எல்லாமே அவங்களுக்குத் தெரிஞ்ச குட்டிச் சத்தம்தான். ஒம்பது எழுத்து வார்த்தையை ஒரு பையன் தானாப் படிச்சதும் நிமிந்து உக்காருவான் பாருங்க. அடுத்தது கடைசி ஈ: கிட் கைட் ஆகும், பின் பைன் ஆகும், நாட் நோட் ஆகும், டப் ட்யூப் ஆகும். கடைசி ஈ பேசாது, நடுவுல இருக்கிற உயிரைத் தன் பேரைச் சொல்ல வெக்கும்னு ஒரு வரியில சொன்னாப் போதும். ஆனா மூணெழுத்து கெட்டிப்படாம இதை எடுத்தா ரெண்டும் குழம்பிரும்.

பெரியவங்களை வெச்சுச் சின்னவங்களுக்குச் சொல்லித்தர்றது நல்ல வழிதான், அளவாச் செய்யணும். ஒரு தடவைக்குப் பத்து நிமிஷம், ஒரு பிள்ளைக்கு வாரத்துல ரெண்டு தடவைக்கு மேல வேண்டாம். வாசிக்கத் தெரிஞ்ச பிள்ளையை எந்நேரமும் துணை டீச்சராவே வெச்சுட்டா அது படிப்பு நின்னுரும், அவங்க வீட்டுலயும் கேப்பாங்க. உதவி பண்றவங்களுக்கு ஒரே விதி: அட்டையைக் காட்டு, மனசுக்குள்ள அஞ்சு எண்ணு, அதுக்கப்புறமும் வரலைன்னா முதல் சத்தத்தை மட்டும் சொல்லு. முழு வார்த்தையைச் சொல்லாதே. இதைச் சொல்லித்தரலைன்னா பெரியவங்க பதிலைப் படபடன்னு சொல்லிட்டே போவாங்க.

இதுலயே அந்த ஏழாவது பசங்களுக்கும் வழி இருக்கு. வெள்ளிக்கிழமை நீ பொடிசுகளுக்கு இந்தப் பக்கத்தைப் படிச்சுக் காட்டணும்னு ஒரு எட்டு வரி வாசகத்தைத் திங்கக்கிழமையே கொடுத்துருங்க. நாலு நாளும் அதைத் திருப்பித் திருப்பிப் படிச்சுப் பாப்பான். அத்தனை லேசான வாசகத்தைத் தனக்காகப் படிக்கச் சொன்னா கூசுவான். சின்னதுகளுக்காகன்னா கௌரவம்.

---

சென்னிமலை வாசி

கோபி அண்ணன் சொன்னதெல்லாம் சரிங்க, ஆனா ஒண்ணு விட்டுப்போச்சு. அர்த்தம் தெரியாத வார்த்தையைச் சத்தம் கூட்டிப் படிச்சு என்ன பிரயோசனம்? நிப், நேப்னு படிச்சுரும், அது என்னன்னு தெரியாது. வாயில பேச்சு கொஞ்சம் இருந்தாத்தான் படிப்பு ஒட்டும். அதனால கடைசி 25 நிமிஷத்தை முழுசாப் பேச்சுக்கு விடுங்க.

நம்ம பிள்ளைக வாயில ஆங்கிலம் ஏற்கெனவே கெடக்கு: பஸ், பைக், ஃபேன், லைட், சுவிட்ச், டெம்போ, ஷிப்ட், கோன், ஓவர்லாக். முதல் நாளே எல்லாரும் சேந்து சொல்லச் சொல்ல சார்ட்டுல எழுதுங்க. சார்ட்டு நிறைஞ்சுரும். 'எனக்கு இங்கிலீஷ் வராது'ங்கிற பேச்சு அங்கயே குறைஞ்சுரும்.

வாரத்துக்கு ஒரு தலைப்பு, எட்டு புது வார்த்தை, ரெண்டு வாக்கிய அமைப்பு. அதுக்கு மேல வேண்டாம். உதாரணத்துக்குச் சந்தை. தக்காளி, வெங்காயம், தேங்காய், மஞ்சள், முட்டை, இப்படி எட்டு. நிஜப் பொருளா இருந்தா நல்லது, இல்லைன்னா படம். வாக்கியம் 'ஐ வான்ட் டூ டொமேட்டோஸ்', 'ஹவ் மச் இஸ் இட்?' பொடிசுக பொருளைத் தொட்டுப் பேர் சொன்னாப் போதும். நடுக்குழு வாங்குறவங்க. மேல் குழு கடைக்காரங்க, விலை சொல்லணும், ஒரு துண்டுச் சீட்டுல பில் எழுதணும். ஒரே ஆட்டம்தான், ஆளாளுக்கு வேற சுமை.

விலையை வேணும்னே 13, 30, 15, 50னு வைங்க. தர்ட்டீனும் தர்ட்டியும் காதுல ஒண்ணா விழும், கடையில காசு தப்பாப் போகுறப்பதான் கூர்ந்து கேப்பாங்க. டீன்ல அழுத்தி, இழுத்துச் சொல்லணும். தர்ட்டியில அழுத்தம் முதல்லயே விழும்.

தப்பைத் திருத்துறதுக்கு: 'ஐ வான்ட் டூ டொமேட்டோ'ன்னு பிள்ளை சொன்னா நிறுத்தாதீங்க. 'ஓ, யூ வான்ட் டூ டொமேட்டோஸ், ஹியர்'னு நீங்க சரியாச் சொல்லிப் பொருளைக் கொடுத்துருங்க. ஒரு நாளைக்கு ஒரு தப்பை மட்டும் குறி வைங்க, இன்னைக்கு வார்த்தைக் கடைசியில வர்ற 'ஸ்'ன்னா அது மட்டும்தான். தமிழ்ல பேசுனா ஃபைன்னு வெக்கவே வெக்காதீங்க, பேசாமயே உக்காந்துக்கும். கட்டளையை ஆங்கிலத்துல சைகையோட சொல்லுங்க, புரியலைன்னா தமிழ்ல ஒரு தடவை, மறுபடி ஆங்கிலத்துல.

---

தறிச்சத்தம்

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. கோபி அண்ணா சொன்ன புள்ளி விஷயம் எனக்குப் புதுசு. இன்னும் கொஞ்சம் கேக்கலாமுங்களா?

நோட்டுல நெறைய எழுதலைன்னா 'இன்னைக்கு என்ன படிச்சே'ன்னு வீட்டுல கேப்பாங்க. வீட்டுப்பாடத்தையும் முடிச்சு அனுப்பச் சொல்றாங்க. அதுக்கு என்ன பண்றது? பஸ்ஸுக்கு வர்ற பியையும் டாக்குக்கு வர்ற டியையும் மாத்தி மாத்தி எழுதுற பிள்ளைக மூணு பேர் இருக்காங்க. ஹிந்தி பேசுற பிள்ளைகளுக்குத் தமிழ் விளக்கம் எட்டுறதில்லை. அட்டையெல்லாம் காசு செலவில்லாம எப்படிச் செய்யறது?

---

நொய்யல்கரை

வீட்டுப்பாடத்தை வகுப்பு நேரத்துக்குள்ள விடாதீங்க அம்மிணி. விட்டா முதல் வாரம் பத்து நிமிஷம், அடுத்த வாரம் முழு நேரமும் அதுதான். 5.10க்கே வந்து முடிக்கிறவங்க முடிக்கட்டும், அஞ்சரைக்கு நோட்டை மூடிரணும். காலாண்டு, அரையாண்டுக்கு முந்தின ரெண்டு வாரம் மட்டும் பாடப்புத்தகத்தை எடுங்க. அப்பவும் ஒரு பாடத்துல எட்டு வார்த்தை எடுத்து, கூட்டிப் படிச்சு, ஆளுக்கு ஒரு வாக்கியம்.

வீட்டுக்குக் காட்டறதுக்கு தினமும் அஞ்சு வார்த்தை டிக்டேஷன், தேதி போட்டு. பாத்து எழுதுன ரெண்டு பக்கத்தை விட, கேட்டு எழுதுன அஞ்சு வார்த்தைக்கு மதிப்பு அதிகம்னு ஆரம்பத்துலயே அம்மாக்களைக் கூப்பிட்டுச் சொல்லிருங்க. கூடவே ஒரு சின்னச் சீட்டுல மூணு வரி, வீட்டுல விரல் வெச்சுப் படிச்சுக் காட்டணும். அம்மா அப்பாவுக்கு ஆங்கிலம் தெரியணும்னு இல்லை. விரல் வார்த்தைக்கு வார்த்தை நகருதா, இல்லை சும்மா தடவிட்டு ஒப்பிக்குதான்னு யார் பாத்தாலும் தெரியும்.

நாலு வாரத்துக்கு ஒருக்கா அதே பரிசோதனையை மறுபடி வைங்க, மிப்பை மட்டும் மாத்தி வேற ஒண்ணு. முன்னேறின பிள்ளையைச் சத்தமில்லாம அடுத்த குழுவுக்கு நகத்துங்க. நோம்பி, கல்யாணம்னு பிள்ளைக விட்டு விட்டு வரும், அதனால ஒவ்வொரு திங்கக்கிழமையும் முதல் பத்து நிமிஷம் பழசு மட்டும்.

---

கோபி வாய்க்கால்

பி, டி மாற்றி எழுதுவது ஏழு வயது வரை சாதாரணம், கண்டிக்க வேண்டாம். இரண்டு கையையும் முஷ்டியாக்கி, விரல் முட்டிகள் ஒன்றையொன்று தொட, கட்டை விரல்களை மேலே நீட்டச் சொல்லுங்கள். பிள்ளையின் பார்வையில் இடக்கை பஸ்ஸின் பி, வலக்கை டாக்கின் டி, நடுவில் படுக்கை மாதிரி இருக்கும். வார்த்தையும் 'பெட்'தான், பியில் தொடங்கி டியில் முடியும். எழுதும்போது சந்தேகம் வந்தால் கையைப் பார்த்துக்கொள்ளும். பிக்குக் கோடு முதலில், டிக்கு வளைவு முதலில் என்று கை ஓட்டத்தையும் வேறாக்குங்கள். எட்டு வயதுக்கு மேலும் விடாமல் இருந்து, படிப்பதிலும் ரொம்பத் திணறினால் பெற்றோரிடம் சொல்லுங்கள். கண், காது பரிசோதனை முதலில், அப்புறம் சிறப்பாசிரியரிடம் காட்டலாம்.

ஹிந்தி பேசும் பிள்ளைகளைக் குறையாகப் பார்க்காதீர்கள். பென்னின் பியும் பஸ்ஸின் பியும் ஹிந்தியில் தனித்தனி எழுத்து, ஒலியும் தனி. அந்த வித்தியாசம் அவர்கள் காதில் தெளிவாக விழும். தமிழில் ஒரே ப-வை வைத்து எழுதிப் பழகிய பிள்ளைகளுக்கு அங்கேதான் தடுமாற்றம். வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் பிள்ளைகளுக்கும் இது எளிது. தொண்டையில் விரல் வைத்து அதிர்வு இருக்கிறதா என்று பார்க்கும் விளையாட்டில் அவர்களைத் தலைவராக்குங்கள். பஸ்ஸுக்கு அதிரும், பென்னின் முதல் ஒலிக்கு அதிராது. தமிழ் விளக்கம் எட்டாத இடத்தில் படம், சைகை, நிஜப் பொருள் மூன்றும் போதும். இஸ்கூல் மட்டும் அவர்களிடமும் வரலாம், அதே ஸ்ஸ்ஸ்தான் மருந்து.

---

அமராவதி

அட்டைக்குக் காசே வேண்டாமுங்க. பழைய கல்யாணப் பத்திரிகைகளை ஊர்ல கேட்டு வாங்குங்க, பின்பக்கம் வெள்ளையா இருக்கிறதா. மூணுக்கு நாலு அங்குலமா வெட்டினா ஒரு பத்திரிகைக்கு ரெண்டு மூணு தேறும். எழுத்து ரெண்டு அங்குல உயரம், தடிச்ச கறுப்பு மார்க்கர், உயிரெழுத்து அஞ்சும் மட்டும் சிவப்பு. பளபளன்னு வழவழப்பா இருக்கிற அட்டையில மை ஒட்டாது, அதைத் தள்ளிருங்க. ஒரு குழுவுக்கு ஒரு கட்டுன்னா 26 எழுத்தோட ஏ, ஈ, எஸ், டேபிளின் டி இந்த நாலுக்கும் ரெண்டாவது பிரதி வேணும், இல்லைன்னா ஒரே வார்த்தையில ரெண்டு தடவை வர்றப்ப அட்டை பத்தாது. ஆக 30 அட்டை. ஓரத்துல குழுவுக்கு ஒரு நிறம் தடவிருங்க, மூணு கட்டும் கலந்தா பிரிக்கிறதுக்கே பத்து நிமிஷம் போயிரும்.

சிலேட்டு ஆளுக்கு ஒண்ணு இருந்தா நோட்டை விட வேகம், எல்லாரும் ஒரே நேரத்துல எழுதித் தூக்கிக் காட்டலாம், யாருக்கு வரலைன்னு ஒரே பார்வையில தெரியும். துடைக்கிறதுக்குப் பனியன் வேஸ்ட் துணி, ஒவ்வொரு சிலேட்டுக்கும் ஒரு துண்டு கட்டி விட்டுருங்க. எச்சில் தொட்டு அழிக்க விடாதீங்க.